பால்கனியில் ஓர் ஈப்புலி

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. சங்கத்தின் தமிழ் வகுப்பு முடிந்து குழந்தைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது படிக்கும் ஒரு சிறுமி தன் அம்மாவின் செல்போனை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இது கடிச்சா மனுஷங்க செத்துப் போயிடுவாங்களா?"

படத்தில் ஒரு செம்பருத்தி இலை. அதன் மேல் விரல் நகத்தளவு எட்டுக்கால் பூச்சி ஒன்று. வெளிர்மஞ்சள் உடம்பு, வெளுத்த தலை, வயிற்றின் மேல் நீளவாக்கில் இரண்டு சிவப்புக் கோடுகள், கண்களைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். யாரோ உட்கார்ந்து தூரிகையால் தீட்டியது போல இருந்தது.

அம்மாவுக்கு அந்த அழகில் கவனம் இல்லை. அதே போனில் வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டினார். இரண்டு கோடு போட்ட இந்தச் சிலந்தி கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்குமாம், கடித்தால் காய்ச்சல் வந்து மரணமாம். "பால்கனிச் செடிக்கெல்லாம் மருந்து அடிச்சிடலாம்னு இவங்க அப்பா சொல்றார் சார். கறிவேப்பிலைத் தொட்டியும் அங்கேதான் இருக்கு. எனக்கு மனசு வரலை" என்றார்.

மருந்து அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்தச் செய்தி பழைய சரக்கு. 1999-ல் மின்னஞ்சலில் கிளம்பிய கட்டுக்கதை அது. சிகாகோவில் மூன்று பெண்கள் இறந்ததாகவும், தென் அமெரிக்கச் சிலந்தி ஒன்று காரணம் என்றும் அதில் இருந்தது. அந்தச் சிலந்திக்குக் கொடுத்திருந்த லத்தீன் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய 'புட்டத்துச் சிலந்தி' என்று வரும். எழுதியவர் நம்மைக் கேலி செய்திருக்கிறார். அப்படி ஒரு சிலந்தி உலகத்திலேயே கிடையாது. சில ஆண்டுகள் கழித்து வேறு யாரோ அதே கதையில் அந்தப் பொய்ப் பெயரை எடுத்துவிட்டு, ஆசியாவில் உள்ள ஒரு நிஜச் சிலந்தியின் பெயரைச் செருகிவிட்டார்கள். அந்தப் பெயர் டெலமோனியா டிமிடியேட்டா. சிறுமியின் படத்தில் இருந்தது அதன் பெண். தோட்டங்களிலும் மரம் அடர்ந்த இடங்களிலும் இலைகளின் மேல் வாழ்ந்து, ஈயையும் கொசுவையும் பிடித்துத் தின்னும் சாதுப் பிராணி. கையில் வைத்து நசுக்கினால் எந்தச் சிலந்தியும் கடிக்கப் பார்க்கும். ஆனால் இந்தக் குடும்பத்துச் சிலந்திகளின் கடி மனித உயிருக்கு ஆபத்தானதல்ல.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. பெண் விடவில்லை. "அப்போ மத்ததுக்கெல்லாம் என்ன பேரு?" என்று வரிசையாகப் பதினேழு படங்களைத் தள்ளிக் காட்டினாள். நீலம், சிவப்பு, கறுப்பு வெள்ளை, எறும்பு மாதிரி ஒன்று. எல்லாம் ஒரே கட்டடத்தின் காம்பவுண்டுக்குள் எடுத்தவை. பதினேழில் ஆறுக்குத்தான் என்னால் உறுதியாகப் பெயர் சொல்ல முடிந்தது. ஏன் மற்றவற்றுக்கு முடியவில்லை என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இப்போது எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது, பல வீடுகளில் பிள்ளைகள் இந்தப் படங்களை எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

முதலில் தமிழ்ப் பெயர். குதிக்கும் சிலந்தி, தாவும் சிலந்தி என்று பாடப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் நம் பழைய அகராதிகளில் இதற்கு 'ஈப்புலி' என்று ஒரு சொல் இருக்கிறது. ஈயின் மேல் புலி போலப் பதுங்கிப் பாய்வதால் வந்த பெயர். ஊரில் பாட்டிமார் சொல்லிக் கேட்ட அன்பர்கள் இருக்கலாம். இவ்வளவு பொருத்தமான சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

ஈப்புலி வலை பின்னிக் காத்திருக்கும் ஜாதி அல்ல. பட்டு நூல் உண்டு. தூங்கவும் முட்டையிடவும் இலை மடிப்பில் வெள்ளைப் பை ஒன்று நெய்துகொள்ளும், தாவுமுன் ஒரு நூலை ஒட்டவைத்துவிட்டு மலையேறுபவர் கயிறு கட்டிக்கொள்வது போலப் பாயும். வேட்டை முழுவதும் கண்ணால்தான். எட்டுக் கண்களில் முன்னால் உள்ள நடு இரண்டும் மோட்டார் காரின் முகப்பு விளக்கு மாதிரி பெரிதாக இருக்கும். இந்த இரண்டு கண்ணைப் பார்த்தாலே இது ஈப்புலி என்று சொல்லிவிடலாம். இதன் கால் மூட்டுகள் சிலவற்றில் காலை நீட்டும் தசையே கிடையாது. உடம்பின் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தி, சட்டென்று நீட்டித் தாவுகிறது. காரின் ஹைட்ராலிக் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

உலகத்தில் உள்ள சிலந்திக் குடும்பங்களிலேயே பெரியது இதுதான். 6000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, ஆண்டுதோறும் புதியவை சேர்ந்துகொண்டே போகின்றன. பறவைக்கு வழிகாட்டிப் புத்தகம் வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிப் பெயர் சொல்வது போல இதில் சொல்ல முடியாமல் போவதற்கு முதல் காரணம் இந்தப் பெருக்கம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் இந்தச் சிலந்திகளுக்குப் பெயர் வைத்தபோது அவர்கள் முன் இருந்தவை பெரும்பாலும் ஆல்கஹால் புட்டியில் ஊறிக் கப்பலில் வந்து சேர்ந்த உடல்கள். ஈப்புலியின் பளபளப்பு பெரும்பாலும் மேலே உள்ள நுண்ணிய செதில்களிலும் மயிரிலும் இருப்பது. ஊறினால் மங்கும், தேய்த்தால் உதிரும். அதனால் பழைய விவரணையில் 'பழுப்பு' என்று எழுதியிருக்கும், உங்கள் படத்திலோ அது நீல மாணிக்கமாக இருக்கும். நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஏட்டில் தேடினால் கிடைக்காது.

அந்த நீலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. இப்படிப் பிடித்தால் நீலம், அப்படிச் சாய்த்தால் பச்சை. ஈப்புலியின் நீலமும் சாயத்தால் வந்ததல்ல, செதிலின் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே ஒரே சிலந்தி காலை வெயிலில் நீலமாகவும், ஃபிளாஷ் அடித்தால் ஊதாவாகவும், மேகமூட்டத்தில் கறுப்பாகவும் படத்தில் விழும். சிறுமியின் பதினேழில் மூன்று படங்கள் ஒரே பிராணி என்பதை அது உட்கார்ந்திருந்த இலையின் ஓட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்!

நான் சறுக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் போரிவலி தேசியப் பூங்காவில் நீலமும் சிவப்புமாக மின்னிய ஒன்றை எடுத்து, பெரிதாக அச்சிட்டு, சங்கத்தின் ஆண்டு விழாவில் 'மயில் சிலந்தி' என்று தலைப்புப் போட்டு மாட்டினேன். பலரும் பாராட்டினார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "சார், மயில் சிலந்தின்னு சொல்றது ஆஸ்திரேலியாவில் இருக்கிற மரேட்டஸ். இதன் முன்னங்காலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். புட்டி கழுவும் பிரஷ் போல முன்னங்காலில் கறுப்பு மயிர்க் கற்றை. அது சைலர் செமிகிளாக்கஸ். விழா முடிவதற்குள் தலைப்பை எடுத்துவிட்டேன்.

இந்த நீலம் சிவப்புக் கூட்டத்தில்தான் குழப்பம் அதிகம் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

சைலர், மேலே சொன்னது போல, முன்னங்காலில் மயிர்க்குச்சம் உடையது. ஆணிடம் இது எடுப்பாகத் தெரியும். நீல உடம்பில் சிவப்புப் பட்டைகள். நடக்கும்போது முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டும், வயிற்றையும் மேலே உயர்த்தும். இதைப் பார்த்துத்தான் மயில் சிலந்தி என்று என்னைப் போன்றவர்கள் ஏமாறுவது. எறும்பு தின்னி. எறும்புச் சாரி போகும் மரத்தண்டில் அல்லது சுவரில் கண்டால் இதை முதலில் நினைக்கலாம்.

கிரைசில்லா வொலுபே கொஞ்சம் நீளமாக, மெலிந்து இருக்கும். ஆணின் தலைப்பக்கம் செந்நிறம், அதன் மேல் நீலப் பட்டை, வயிற்றின் மேல் ஊதாநீல மினுக்கு. கால்கள் ஒல்லியானவை, மயிர்க்குச்சம் கிடையாது. இலங்கையில் கிடைத்ததைக் கொண்டு 1879-ல் கார்ஷ் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தது. 2018-ல் கேரளத்தின் வயநாட்டில் இதைக் கண்டபோது, 150 ஆண்டுகளாக அழிந்துபோனதாக நினைத்த சிலந்தி திரும்பக் கிடைத்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. அதற்கு முன்பே நம் நாட்டுத் தோட்டங்களில் இதைப் படம் பிடித்தவர்கள் உண்டு. பெயர் தெரியாமல் படப்பெட்டியில் கிடந்தால் 'அழிந்துபோனது' என்று ஆகிவிடுகிறது, பாருங்கள்.

மூன்றாவது ஃபின்டெல்லா விட்டாட்டா. இதில் சிவப்புப் பட்டை இல்லை. கறுப்பு உடம்பில் குறுக்குவாட்டில் நீலவெள்ளைப் பட்டைகள், வெள்ளிக் கம்பி சுற்றியது போல இருக்கும். மிகச் சிறியது. இதைப் பற்றி 2008-ல் ஒரு வியப்பான ஆராய்ச்சி வெளிவந்தது. இதன் ஆண் உடம்பிலிருந்து புற ஊதா ஒளியின் ஒரு பகுதி பிரதிபலிக்கிறது, பெண் அதைப் பார்த்துத்தான் துணையைத் தேர்ந்தெடுக்கிறது என்று கண்டறிந்தார்கள். நம் கண்ணுக்கும் அது தெரியாது, செல்போன் காமிராவுக்கும் தெரியாது. அதாவது நாம் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும், அந்தச் சிலந்திக்கு முக்கியமான நிறம் அதில் விடுபட்டுப் போகிறது.

அடுத்த பெரிய தொல்லை ஆண் பெண் வேறுபாடு. சிறுமியின் படங்களில் அதே செம்பருத்தியில் இருந்த கரியநிறச் சிலந்தி ஒன்று. வெள்ளைக் குறிகள், கண்ணைச் சுற்றிச் சிவப்பு மயிர். இது வேறு ஜாதி என்று அவள் தனிப் பெயர் கேட்டாள். அது வேறல்ல, மஞ்சள் டெலமோனியாவின் ஆண்! இருவரையும் பக்கத்தில் வைத்தால் உறவு என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆணை அடையாளம் காண முகத்துக்கு முன்னால் தொங்கும் இரண்டு குட்டிக் கைகளைப் பாருங்கள். குத்துச்சண்டைக்காரர் கையுறை மாட்டியது போல நுனி பருத்திருந்தால் ஆண். மெலிந்து இருந்தால் பெண் அல்லது குஞ்சு. கையுறை பருத்திருக்க, உடம்பின் நிறம் மட்டும் பெண்ணைப் போல இருந்தால், அது இன்னும் ஒரு தோல் உரிக்க வேண்டிய இளவட்டமாக இருக்கலாம். குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வீட்டுச் சுவரில் காணும் சிலந்திகளிலிருந்து பழகத் தொடங்கினால் இது சுலபமாகப் பிடிபடும். சாம்பல் நிறத்தில் சுவரோடு தட்டையாக ஒட்டி, ஜன்னல் ஓரத்து ஈயை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்வது மெனெமெரஸ் பைவிட்டேட்டஸ். ஆணுக்கு வயிற்றின் நடுவில் கறுப்புக் கோடு, பெண்ணுக்கு ஓரங்களில் கறுப்பு. டியூப்லைட் பக்கம் திரியும் சற்றுப் பெரியது பிளெக்சிப்பஸ் பேய்குல்லி. ஆண் கறுப்பு, தலையிலிருந்து வயிறு வரை நடுவில் வெள்ளைக் கோடு. பெண் சாம்பல் பழுப்பு. ஹசாரியஸ் அடன்சோனியின் ஆணுக்கு முகத்தருகே செந்நிறம், குட்டிக் கைகள் வெள்ளை, வயிற்றில் வெள்ளைப் பிறை. மூன்றும் உலகத்தின் வெப்பமான ஊர்களிலெல்லாம் மனிதரோடு குடியேறிவிட்டவை. பிழைப்புக்காகப் பெட்டி கட்டிய நம்மைப் போலத்தான்.

எறும்பு மாதிரி இருந்த படத்தையும் விட்டுவிடக் கூடாது. நம் ஊர் மாந்தோப்புகளில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை முசுறு என்போம். ஒருமுறை கடி வாங்கியவர் மறக்கமாட்டார். அந்த முசுறைப் போலவே உடம்பை இடுக்கி, நிறத்தையும் ஒத்து, முன்னங்கால்களை எறும்பின் உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஈப்புலி ஒன்று உண்டு. மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்று பெயர். ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டிருக்கும், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்விக்கொண்டு போவது போலவே தோன்றும். சந்தேகம் வந்தால் கால்களை எண்ணுங்கள், கண்களைப் பாருங்கள். எறும்புக்கு ஆறு கால்தான், முகப்பு விளக்குக் கண்ணும் கிடையாது. பழைய புத்தகங்களில் இதை மிர்மராக்னே என்ற பேரினத்தில் சேர்த்திருப்பார்கள். பெயர்கள் மாறும். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகச் சிலந்திகளின் பெயர்ப் பட்டியலைப் பராமரித்து வருகிறது. எந்தப் பெயர் இப்போது செல்லும் என்பதை அங்கே இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, படம் எப்படி எடுப்பது? நல்ல வேளையாக ஈப்புலிக்கு நம்மைப் பார்க்கும் ஆவல் நமக்கு இருப்பதைவிட அதிகம். போனை மெதுவாகக் கொண்டுபோய் அசையாமல் நின்றால் அதுவே திரும்பி முகத்தைக் காட்டும். அந்த முகப் படம் ஒன்று, நேர் மேலிருந்து முதுகு ஒன்று, பக்கவாட்டில் கால்கள் தெரிய ஒன்று. இந்த மூன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பலரும் முகத்தை மட்டும் எடுத்து வருகிறார்கள். அழகாக இருக்கும், பெயர் சொல்ல உதவாது. கிளிப் போட்டு மாட்டும் சிறு லென்ஸ் இருந்தால் நல்லது. உச்சி வெயிலில் வெள்ளைப் பகுதிகள் வெளுத்துப் போகும், காலை எட்டு மணி வாக்கில் எடுக்கலாம். பக்கத்தில் நாணயம் வைக்கப் போனால் ஓடிவிடும். அது போன பிறகு அந்த இலையின் அகலத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், படத்திலிருந்து சிலந்தியின் நீளம் கணக்கிட்டுவிடலாம். தேதி, இடம், செடி, எறும்பு அருகில் இருந்ததா என்பதும் வேண்டும். படத்துக்காகச் சிலந்தியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரக்கச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வைத்தியம் போல எடுத்துக்கொள்ளலாம். சில சமயம் சரியாக இருக்கும். சரியா என்று பார்க்கக் கால், கண், பட்டை என்று ஒவ்வொன்றாக நாமே ஒத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியும் பல படங்களுக்குப் பேரினம் வரைதான் போக முடியும். நெருங்கிய இனங்களைப் பிரிப்பதற்கு அறிஞர்கள் பார்ப்பது இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை. அது நுண்ணோக்கியில்தான் தெரியும். எனவே 'ஃபின்டெல்லா, இனம் தெரியவில்லை' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறான இனப்பெயர் போட்டு இணையத்தில் ஏற்றினால், அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் படத்துக்கும் அதே பெயர் போடுவார். கழிப்பறைச் சிலந்திக் கதை பரவிய விதமும் இதுதானே?

தெரியவில்லை என்று விட்டது சில சமயம் உண்மையிலேயே யாருக்கும் தெரியாததாக இருக்கும். இதை மும்பையில் இருப்பவர்கள் அவசியம் அறிய வேண்டும். 2021-ல் நம் சுற்றுவட்டாரத்திலிருந்தே இரண்டு புதிய ஈப்புலிகளுக்குப் பெயர் சூட்டினார்கள். ஆரே காலனியில் கண்டது ஃபின்டெல்லா சோல்கெய். தானே பக்கம் கண்டதற்கு ஐசியஸ் துக்காராமி என்று பெயர். 2008 நவம்பர் 26 தாக்குதலில் துப்பாக்கி ஏந்தியவனை வெறுங்கையால் பிடித்து உயிர் கொடுத்த காவலர் துக்காராம் ஓம்பளேயின் நினைவாக வைத்தது. 2019-ல் இன்னொன்றுக்கு மரேங்கோ சச்சின்டெண்டுல்கர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! இதைச் சொன்னதும் வகுப்பில் பையன்கள் பக்கமும் ஆர்வம் கிளம்பிவிட்டது.

அந்த வீட்டுப் பால்கனியில் மருந்து அடிக்கவில்லை. மழை விட்ட பிறகு அம்மா ஒருநாள் போன் செய்தார். கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்து குரோட்டன்ஸ் இலை மடிப்பில் வெள்ளைப் பட்டுப் பை ஒன்று இருக்கிறதாம், உள்ளே முட்டை போலத் தெரிகிறதாம், தண்ணீர் ஊற்றும்போது அந்த இலையின் மேல் படாமல் பார்த்துக்கொள்கிறார்களாம். அது டெலமோனியாவினுடையதா என்று கேட்டார். பையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, தாய் வெளியே வரும்போது படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

படம் வைத்திருக்கும் மற்ற அன்பர்களும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வரலாம். முகம், முதுகு, பக்கம் என்று மூன்றும் இருக்கட்டும்.